பத்து கிலோவுக்கு ஐந்து கிராம்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு, வேலை, வீடு மூன்றும் இங்கே ஒழுங்காக இருக்கின்றன. உனக்கும் அப்படியே இருக்க வேண்டும். இருக்கிறதா என்பதைப் பதிலின் முதல் வரியிலேயே எழுது. போன தடவை அந்த வரி பின்பக்கம் கடைசியில் இருந்தது. அதுவரை படித்துக்கொண்டு போவது சிரமமாக இருந்தது. அச்சகத்து இரும்புப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதானே இறங்குகிறாய்? இதையெல்லாம் போனில் கேட்டால் என்ன என்பாய். போனில் சொன்னதை மறுபடி எடுத்துப் பார்க்க முடியாது.

ஒரு செய்தி. எங்கள் துறையில் இந்த வருஷம் ‘ஆரோக்கிய ஊழியர்’ என்று ஒரு போட்டி வைத்தார்கள். ஆறு மாதத்தில் யார் அதிகம் இளைக்கிறார்கள் என்று பார்ப்பது. ஊர்க் கடைகளின் தராசையெல்லாம் சோதித்து முத்திரை வைக்கிற துறை என்பதால் தீர்ப்பில் தகராறு வராது என்று நினைத்திருக்கலாம். நான் போட்டியில் சேரவில்லை. ஆனாலும் முதல் பரிசு எனக்குத்தான். அறுபத்தெட்டு கிலோவில் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தவன் ஐம்பத்தேழில் நிற்கிறேன். பெரிய அதிகாரி கேடயத்தைக் கையில் கொடுத்து, “இவரைப் பாத்துக் கத்துக்கங்க. வாயைக் கட்டுறதுன்னா இதுதான்” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அதிலிருந்து தினமும் யாராவது என் மேஜைக்கு வந்து ரகசியம் கேட்கிறார்கள். ரகசியம் எதுவும் இல்லை, இரண்டு வருஷம் முன்பு அக்கா அனுப்பிய ‘மெல்லுங்கள், மெலிவீர்கள்’ புத்தகம்தான் என்று சொல்லிவிட்டேன். ஒரு வாய்க்கு முப்பத்திரண்டு தடவை மெல்ல வேண்டும் என்று நாற்பதாம் பக்கத்தில் போட்டிருக்கிறதே, அதுதான். பெரிய அதிகாரியும் முயற்சி செய்தார். நாலாவது வாயில் இடைவேளை முடிந்துவிட்டது.

நான் எட்டு மணிக்குத் தட்டின் முன் உட்கார்ந்துவிடுகிறேன். அலுவலக வாசலில் கிடந்த நாய்க்குட்டி என்னோடு வீடு வரை வருகிறது. கைக்குள் அடங்குகிற அளவில் வந்ததால் அரைக்கிலோ என்று பெயர் வைத்தோம். இப்போது பெயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

முதல் வரியை மறக்காதே.

உன்
தம்பி

—

மார்ச் 3

என் தராசுத் தம்பிக்கு,

உத்தரவுப்படி முதல் வரி: நான் நன்றாக இருக்கிறேன். இரண்டாவது வரி உன் அத்தானுக்கு: அவரும் நன்றாக இருக்கிறார், அதைப் பற்றி நாள் முழுக்கப் பேசிக்கொண்டும் இருக்கிறார்.

பதில் பிந்திவிட்டது. ஒரு பெரிய அகராதி மெய்ப்புக்கு வந்திருக்கிறது. ‘ச’ வரிசை முழுவதும் என் தலையில். எழுத்து எழுத்தாகப் பார்த்துப் பார்த்து, வீட்டில் உன் அத்தான் பேசும்போதும் ஒற்று விட்டுப்போகிறதா என்று கவனிக்கிறேன்.

நீ அனுப்பிய படத்தில் கேடயம் தெரிகிறது. அதைப் பிடித்திருப்பது யார் என்று உன் அத்தான் கேட்டார். உன் சட்டைக் காலருக்குள் இன்னொரு கழுத்துக்கு இடமிருக்கிறது. அந்தப் புத்தகத்தை எழுதியவர் எங்கள் படியேற மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்தவர் என்பதையும் உன் சகாக்களிடம் சொல்லிவிடு.

இப்போது தொழில் விஷயம். போன வாரம் ‘சாப்பிடு’ என்ற சொல்லுக்கு வந்தேன். உதாரண வாக்கியம் ஒன்று சரியில்லை. உன் கடிதங்களிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுக்கலாமே என்று கோப்பைத் திறந்தேன். நீ அங்கே போனதிலிருந்து ஒன்பது கடிதம். தட்டின் முன் உட்கார்ந்தாய். பரிமாறிக்கொண்டாய். பிசைந்தாய். மென்றாய். எழுந்தாய். கை கழுவினாய். தட்டைத் துலக்கிக் கவிழ்த்தாய். இத்தனை வினைச்சொல் இருக்கிறது, ‘சாப்பிட்டேன்’ மட்டும் ஒன்பது கடிதத்திலும் ஒரு இடத்தில்கூட இல்லை. மூன்று தடவை தேடினேன். வழியில் இன்னொன்றும் கண்ணில் பட்டது: ஒன்பதிலும் ஒரு பிழை இல்லை, ஒரு அடித்தல் இல்லை. சின்ன வயசில் உன் பெயரையே மூன்று விதமாக எழுதுவாய். இப்போது ஒரு கடிதத்தை எத்தனை தடவை திரும்ப எழுதுகிறாய்?

இரண்டு கேள்வி. ஒன்று, காய்கறிக் கடைக்காரரோடு உன் அத்தானுக்கு வழக்கு: ஒரு தராசு எவ்வளவு தப்புக் காட்டினால் அதை நீங்கள் சரி என்பீர்கள்? இரண்டு, சாப்பிட்டாயா? ஒரு சொல்லில் பதில் போதும்.

அக்கா

—

மார்ச் 8

அக்காவுக்கு,

எல்லாம் முறைப்படி நடக்கிறது. உன் முதல் வரியைப் பார்த்தேன். வழக்கமாக வருகிற நாளுக்கு ஒன்பது நாள் பிந்தி வந்தது. அகராதிக்காரர்களிடம் சொல்லி வேலையைக் குறைத்துக்கொள்ள முடியாதா?

அத்தானின் வழக்குக்குத் தீர்ப்பு: எந்தத் தராசும் முழுச் சரியாக இருக்காது. அப்படி ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவர் தராசு விற்கிறவர். அதனால் விதியிலேயே ஒரு அளவு போட்டிருக்கிறார்கள். அனுமதிக்கப்பட்ட பிழை என்று பெயர். காய்கறிக் கடையில் இருக்கிற மாதிரித் தராசென்றால் பத்து கிலோவுக்கு ஐந்து கிராம். கூடவோ குறையவோ அதற்குள் இருந்தால் முத்திரை வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட வேண்டும். அந்த ஐந்து கிராமை நினைத்துக்கொண்டு நிற்கிறவன் இந்த வேலைக்கு லாயக்கில்லை. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான்தான் இந்தப் பாடத்தை நடத்துகிறேன்.

இரண்டாவது கேள்விக்கு: மூன்று வேளையும் தட்டின் முன் தவறாமல் உட்கார்கிறேன்.

அரைக்கிலோவை நேற்று அலுவலகத் தராசில் நிறுத்தினேன். பதினெட்டு கிலோ. ஆகஸ்டில் பன்னிரண்டு. தெரிந்துகொள்ளத்தான்.

முதல் வரி. படிக்கட்டு.

தம்பி

—

மார்ச் 19

தம்பிக்கு,

நன்றாக இருக்கிறேன். கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்குகிறேன். கை துருவாகிறது.

இளைத்த கிலோக்கள் எங்கே போகின்றன என்று எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு. நீ நாயை நிறுத்தியதும் பாதி விடை கிடைத்தது. ஆகஸ்டிலிருந்து நாய்க்கு ஆறு கிலோ ஏறியிருக்கிறது. உனக்குப் பதினொன்று குறைந்திருக்கிறது, அதுவும் பிப்ரவரிக் கணக்கு. மீதி ஐந்து கிலோ எங்கே?

விசாரிக்காமல் இருக்க முடியவில்லை. கேடயப் படத்தில் உன் மேஜைமேல் கேரியர் ஒன்று இருந்தது. அதில் ஒட்டியிருந்த சீட்டில் சாப்பாட்டுக் கடையின் பெயரும் எண்ணும் தெரிந்தன. பூதக்கண்ணாடி என் தொழில் கருவி. போன் செய்தேன். கடைக்காரம்மா எடுத்தார். உன் அக்கா என்றதும் நல்ல மரியாதை. நீ பாத்திரத்தைக் கழுவி அனுப்புகிற அழகைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினார், அவர் வீட்டுக்காரருக்கு அதில் பாதி வரவில்லையாம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

“ஏம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. தம்பி ராத்திரிக்கு மூணு சாப்பாடு வாங்கறாரு. மூணு பேருன்னுதான் இத்தனை நாளா நினைச்சேன். வாங்க வர்றவரு எலும்பும் தோலுமா இருக்காரு. அப்ப மீதி ரெண்டு பேரு யாரும்மா?”

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். பொய் சொல்லவில்லை. உன்னைத் திட்டவும் இதை எழுதவில்லை. முப்பது வருஷமாகப் பிழை பார்க்கிறவள் நான். ஒரு பக்கத்தில் ஏதோ தப்பு என்று கண்ணுக்குப் பட்டுவிட்டது, எந்த வரி என்று மட்டும் தெரியவில்லை. அந்த நிலைமை எனக்குப் பிடிக்காது.

அந்த மூன்று பேர் யார்?

அக்கா

—

ஏப்ரல் 27

அக்காவுக்கு,

மூன்று பேரும் நான்தான்.

பதில் எழுத ஐந்து வாரம் ஆகிவிட்டது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு முன்பு மார்க்கெட் தெருவில் ஒரு சிமெண்ட் கடைத் தராசைச் சோதிக்கப் போனேன். இருபது கிலோ எடைக்கல்லைத் தூக்கினேன். கல் அங்கேயே இருந்தது, நான் கீழே போய்விட்டேன். கண் விழித்தபோது என்னை மூட்டைத் தராசின் மேல் கிடத்தியிருந்தார்கள். அந்தக் கடையில் தூசி இல்லாத இடம் அது ஒன்றுதான். கடைக்காரர் முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு முள்ளைப் பார்த்தார். “சார், நாப்பத்தேழு காட்டுது. ஒரு மூட்டை சிமெண்டே அம்பது சார்” என்றார். தராசு தப்பாக இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கவாட்டில் என் முத்திரை இருந்தது. ஜனவரியில் நானே வைத்தது.

அவர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே வயிறு, ரத்தம் எல்லாம் பார்த்துவிட்டு மாடியில் ஒரு டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். இப்போது வாரம் ஒரு நாள் அவரிடம் போகிறேன்.

ஒரு வாய்க்கு முப்பத்திரண்டு. இருபதில் இருக்கும்போது தெருவில் ஹாரன் அடித்து எண் தப்பினால் அந்த வாய் கெட்டுவிடும். விழுங்கக் கூடாது. துப்பிவிட்டு மூன்று தடவை கை கழுவ வேண்டும். மூன்று வாய் கெட்டால் தட்டே கெட்டுவிடும். புதுத் தட்டு, புதுச் சாப்பாடு. அதற்குத்தான் மூன்று வாங்குவது. மூன்றாவதும் கெட்டால் அந்த வேளை அவ்வளவுதான், எல்லாம் அரைக்கிலோவுக்கு. நீ தேடிய ஐந்து கிலோ கைகழுவும் தொட்டியில் போயிருக்கும். பசி இல்லை என்று நினைக்காதே. பசியில் காது அடைக்கும். இளைக்க வேண்டும் என்ற ஆசையும் கிடையாது. கேடயம் கொடுத்த அன்று, எண்ணிக்கை கெட்டுவிடும் என்று பாராட்டு விழா மதிய உணவைத் தொடாமல் வந்தேன். அதற்கும் கை தட்டினார்கள்.

எண்ணி முடித்தால்தான் எனக்கு அது சாப்பாடு. முடிக்காததைச் சாப்பிட்டேன் என்று எழுதினால் பொய்ச் சான்று கொடுத்த மாதிரி. அதனால்தான் அந்தச் சொல்லை எழுதவில்லை. நீ கண்டுபிடிப்பாய் என்று நினைக்கவில்லை.

எண் தப்பினால் என்ன ஆகிவிடும் என்று டாக்டரம்மா கேட்டார். அதைச் சொல்ல இருபது நிமிஷம் பிடித்தது. எண் தப்பிய ஒரு வாயை நான் விழுங்கினால், எங்கோ ஒரு அச்சகத்து இரும்புப் படியில் ஒருத்திக்குக் கால் தவறும். அவள் விழுவது எனக்குத் தெரியும், சத்தம்கூடக் கேட்கும். இது அபத்தம் என்றும் எனக்குத் தெரியும். தெரிவதால் ஒன்றும் குறையவில்லை. உன் கடிதத்தின் முதல் வரியைப் படித்த நாட்களில் மட்டும் ஒரு தட்டு முழுதாக முடியும். பிப்ரவரிக் கடிதத்துக்குப் பதில் எழுத நீ ஒன்பது நாள் பிந்தினாய்.

இதற்கு எண்ணச் சுழற்சி நோய் என்று பெயராம். சுருக்கமாக ஓ.சி.டி. மாத்திரை கொடுத்திருக்கிறார்.

இந்தக் கடிதத்தை ஆறு தடவை எழுதினேன்.

தம்பி

—

மே 1

என் தம்பிக்கு,

எனக்கு ஒன்றும் ஆகாது. எனக்கு ஒன்றும் ஆகாது. எனக்கு ஒன்றும் ஆகாது. மூன்று போதுமா? கைகழுவுவதற்குப் போதுமென்றால் இதற்கும் போதும்.

உன் கடிதத்தை அச்சகத்தில் படித்தேன். அகராதியை மூடி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நடுப்பகலில் வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை. உன் அத்தான் பயந்து என்ன ஆச்சு என்று கேட்டார். தம்பி எனக்காகப் பட்டினி கிடக்கிறான் என்று சொன்னேன். “நீ கேக்கவே இல்லையே” என்றார் அவர்.

எண்ணம் என்றால் நினைப்பு. எண்ணுவது என்றால் ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டையும் நம் ஆட்கள் ஒரே வேரில் வைத்திருக்கிறார்கள். அகராதியில் நூறு தடவை பார்த்திருக்கிறேன், ஏன் என்று யோசித்ததில்லை. உன் நோய்க்குப் பெயர் வைத்தவர் தெரிந்து வைத்தாரோ தெரியாமல் வைத்தாரோ, இரண்டு அர்த்தமும் உன் வாய்க்குள் இருக்கிறது.

கேட்கத் தோன்றுவதையெல்லாம் கேட்டுவிடுகிறேன். மெல்லும்போது எண்ணுவது நாக்கா, மனசா? வாய் திறக்காமல் எண்ணினால் குரல் யாருடையது? அந்தச் சமயத்தில் ருசி தெரியுமா?

புறப்பட்டு வரட்டுமா என்று உன் டாக்டரிடம் கேட்டுச் சொல். அதுவரை தினமும் ஒரு அஞ்சல் அட்டை போடுகிறேன். அதில் ஒரே வரிதான் இருக்கும். எந்த வரி என்று உனக்குத் தெரியும்.

‘மெல்லுங்கள், மெலிவீர்கள்’ புத்தகத்தின் கையெழுத்துப் பிரதியைப் பழைய கட்டுகளிலிருந்து தேடி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். சும்மாதான்.

அக்கா

—

ஜூன் 10

அக்காவுக்கு,

இந்தத் தடவை முதல் வரியில் ஒரு வேண்டுகோள்: அட்டையை நிறுத்து.

நாற்பது நாளில் முப்பத்தேழு வந்தன. முப்பத்தேழையும் தேதிப்படி அடுக்கி வைத்திருக்கிறேன். வராத மூன்று நாளும் எல்லாத் தட்டும் கெட்டது. வந்த நாட்களிலும் காலையில் படித்தது மதியத்துக்குள் தீர்ந்துவிடும், மறுபடி எடுத்துப் படிப்பேன். கடைசியில் அட்டையை முப்பத்திரண்டு தடவை படித்த பிறகுதான் உட்கார்ந்தேன். இதை டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “உங்க அக்கா உங்களுக்கு நல்லது செய்யறதா நினைச்சு, உங்க நோய்க்குத் தினம் விருந்து வைக்கறாங்க. அது நல்லாச் சாப்பிடுது. நீங்க பட்டினி” என்றார்.

அதனால் இனிமேல் நீ நன்றாக இருக்கிறாய் என்று எழுதக் கூடாது. நன்றாக இல்லை என்றும் எழுதக் கூடாது. நான் கேட்டாலும் சொல்லக் கூடாது. வரவும் வேண்டாம், கண்ணால் பார்ப்பது அட்டையைவிடப் பெரிய விருந்தாம். தெரியாமலே விழுங்கப் பழக வேண்டும் என்கிறார். தெரியாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று அவரிடமே கேட்டேன். “எல்லாரும் அப்படித்தான் சாப்பிடறோம்” என்றார். அதை நான் யோசித்ததே இல்லை.

உன் கேள்விகளுக்கு: எண்ணுவது மனசு. குரல் என்னுடையதுதான், முத்திரை வைக்கும்போது வருகிற குரல். ருசி தெரியாது. எண்தான் தெரியும்.

வீட்டுப்பாடங்கள் கொடுக்கிறார். ஏழு தடவை மென்று ஒரு வாயை விழுங்கிவிட்டு, கை கழுவாமல் பத்து நிமிஷம் உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் வாரம் அது ஒரு வாய்கூட முடியவில்லை. இப்போது நாலு முடிகிறது. அடுத்து, எடை பார்க்கத் தடை. ஊர்த் தராசுக்கெல்லாம் முத்திரை வைக்கிறவன் எதிலும் ஏறக் கூடாது. அவர்தான் என்னைத் திருப்பி நிற்க வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார். அவருடைய தராசு மூன்று கிலோ தப்பு. வாசலில் வைத்தே கண்டுபிடித்துவிட்டேன். விதிப்படி உடனே கைப்பற்ற வேண்டியது. அதைக் கைப்பற்றாமல் வீட்டுக்குப் போவதுதான் இந்த வாரத்து வீட்டுப்பாடம். இதுவரை கொடுத்ததிலேயே இதுதான் கஷ்டம்.

முகத்தில் கொஞ்சம் சதை தெரிகிறது போல. பெரிய அதிகாரி நேற்று மாடிப்படியில் நிறுத்தி, “என்ன சார், விட்டுட்டீங்களா?” என்று வருத்தமாகக் கேட்டார்.

கீழே எழுத வந்த கேள்வியை எழுதாமல் முடிக்கிறேன்.

தம்பி

—

ஜூலை 2

தராசுக்கு,

இந்தக் கடிதத்தில் எங்கள் வீட்டில் யாருடைய உடம்பைப் பற்றியும் ஒரு சொல் கிடையாது. வெளியே நல்ல வெயில். அதையும் எதற்கும் சான்றாக எடுத்துக்கொள்ளாதே.

முப்பத்தேழு அட்டைக்கு மன்னிப்புக் கேட்கிறேன். வேறொன்றுக்கும் கேட்க வேண்டியிருக்கிறது. இதை மே மாதக் கடைசியிலேயே சொல்லியிருக்கலாம், தைரியம் வரவில்லை.

கையெழுத்துப் பிரதி கிடைத்தது. நாற்பதாம் பக்கம். ஆசிரியர் பச்சை மையில், கொஞ்சமும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதியிருக்கிறார்: ஒரு வாய்க்கு 12 தடவை. அச்சுக் கோத்தவர் ஒன்றை மூன்றாக்கிவிட்டார். அது அவர் தொழிலில் நடக்கிறதுதான், அதைப் பிடிப்பதற்குத்தான் என்னை வைத்திருக்கிறார்கள். மெய்ப்பில் 32 என்று பார்த்தபோது, பல்லும் முப்பத்திரண்டுதானே என்று என் கண் ஒத்துக்கொண்டு போய்விட்டது. ஓரத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது: ‘சரி பார்க்கப்பட்டது’. அப்புறம் அச்சான புத்தகத்தில் ஒன்றை எடுத்து, ‘கொஞ்சம் இளை, குண்டா’ என்று முதல் பக்கத்தில் எழுதி, உனக்கே அனுப்பியும் வைத்தேன்.

நாலாயிரம் பிரதி விற்றிருக்கிறது. மற்ற மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேரும் இரண்டு நாள் மென்றுவிட்டு மறந்திருப்பார்கள். அச்சகத்தாரிடம் பிழைதிருத்தச் சீட்டு ஒன்று அடிக்கச் சொன்னேன். ஒரு எண்ணுக்காகவா என்று சிரித்தார்கள். ஒரே ஒரு சீட்டு நானே அடித்தேன். இதோடு வைத்திருக்கிறேன்.

பத்து கிலோவுக்கு ஐந்து கிராம் என்று எழுதியிருந்தாயே, எங்கள் தொழிலில் அப்படி ஒரு விதி கிடையாது. அது எப்போதும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது எனக்கு. இப்போது இல்லை.

அக்கா

—

ஜூலை 16

அக்காவுக்கு,

சீட்டு கிடைத்தது. நாற்பதாம் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். கொஞ்சம் கோணலாக ஒட்டினேன், அதுவும் வீட்டுப்பாடம்.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வர வேண்டும் என்று பத்து நிமிஷம் காத்திருந்தேன். வரவில்லை. ஆவல்தான் வந்தது. உண்மையான எண் பன்னிரண்டு என்றால், பன்னிரண்டு மென்று விழுங்கினால் சரியாகிவிடுமே. அன்றைக்கே செய்து பார்த்தேன். பன்னிரண்டில் விழுங்கினேன். படி கண்ணுக்குள் வந்தது. சரி, இரண்டு பன்னிரண்டு போதுமா என்று ஒரு எண்ணம். மூன்று பன்னிரண்டு என்றால் பத்திரம் என்று இன்னொன்று. அரை மணி நேரத்தில் முப்பத்தாறில் நின்றேன். முப்பத்திரண்டுக்கு நாலு கூட.

டாக்டரம்மா இதைக் கேட்டுச் சிரித்தார். வீடு ஏற்கெனவே காலியாகத்தான் கிடந்தது, முப்பத்திரண்டு வாடகைக்கு வந்தது, அவ்வளவுதான் என்றார். நீ அனுப்பாவிட்டால் வேறொரு எண் வந்திருக்கும். ஆகவே உன் பிழையை நான் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது. முத்திரை வைத்துவிட்டேன். நீ அடுத்த கடைக்குப் போகலாம்.

இப்போது இரண்டு சாப்பாடுதான் வாங்குகிறேன். கடைக்காரம்மா, “ஒருத்தரு ஊருக்குப் போயிட்டாரா தம்பி?” என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னேன்.

ஒரு விஷயம். உன் கடிதம் மாதம் ஒன்று என்று கணக்காக வந்தால் அதற்கும் மனசு தேதி வைத்துக் காத்திருக்கிறது. எப்போது எழுதுவாய் என்று தெரியக் கூடாது. எழுதத் தோன்றும்போது எழுது. நான் கேட்க மாட்டேன், போனும் செய்ய மாட்டேன்.

இதை நான் எவ்வளவு சாதாரணமாக எழுதியிருக்கிறேன் என்று பார். மூன்றாவது பிரதிதான் இது.

தம்பி

—

அக்டோபர் 5

தம்பிக்கு,

கையெழுத்து கோணலாக இருக்கும். ஏன் என்று கேட்கக் கூடாது. உன் டாக்டர் சட்டம்.

அகராதி ‘ந’ வரை வந்துவிட்டது. ஆறு வாரமாக வீட்டிலிருந்தே மெய்ப்புப் பார்க்கிறேன். உன் அத்தான் ரொட்டி சுடக் கற்றுக்கொண்டார். ரொட்டியில் வருகிற பிழையையெல்லாம் நன்றாகக் கருக்கி மறைக்கிறார்.

இவ்வளவு எழுதவே ஒரு மணி நேரம் ஆயிற்று. தபாலில் அவர்தான் சேர்க்கிறார்.

பதினோரு வாரமாக நீ எதுவும் கேட்கவில்லை. நானும் இங்கே ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருந்தேன். உனக்கு மட்டும்தான் கஷ்டம் என்று நினைக்காதே.

அக்கா

—

அக்டோபர் 12

அக்காவுக்கு,

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. எழுத்தெல்லாம் இடது பக்கம் சாய்கிறது. ‘ந’வின் கால் நடுங்கியிருக்கிறது. ஆறு வாரம் வீட்டில். நான் சோதனை செய்து பிழைக்கிறவன், இதிலிருந்து எந்தக் கை, எந்தப் படி என்று கண்டுபிடிக்க இரண்டு நிமிஷம் போதும். போனைக் கையில் எடுத்தேன். வைத்தேன். மறுபடி எடுத்தேன். அப்புறம் அதை அலமாரியில் கேடயத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன். அந்தக் கேடயத்துக்கு இதுதான் முதல் உபயோகம்.

எட்டு மணிக்குத் தட்டின் முன் உட்கார்ந்தேன். ஒரே சாப்பாடுதான் வாங்கியிருந்தேன். சோறு, பருப்பு, அவித்த முட்டை ஒன்று. முதல் வாயில் ஒன்பதோ பத்தோ எண்ணும்போது தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. எண் போய்விட்டது. விழுங்கினேன். வழக்கம்போலப் படி வந்தது, நீயும் வந்தாய், சத்தமும் கேட்டது. நான் எழுந்து போகவில்லை. நீ விழுந்துகொண்டிருக்கும்போதே அடுத்த வாயை எடுத்தேன். இதை எழுதவே கை கூசுகிறது. நாலாவது வாயிலும் விழுந்தாய், கொஞ்சம் மெதுவாக. அப்புறம் பருப்பில் உப்பு அதிகம் என்று தெரிந்தது. ஒரு வருஷமாக அந்தம்மா கடையில் வாங்குகிறேன், உப்பு அதிகம் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. நாளைக்கு அவரிடம் சொல்ல வேண்டும்.

அரைக்கிலோ வாசலில் உட்கார்ந்து காலித் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. கோபமாக இருக்கிறது. அதன் எடையும் தெரியாது, என் எடையும் தெரியாது. பேண்ட் இடுப்பில் நிற்கிறது.

உன் கையைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்.

இதைத் திரும்பப் படிக்காமல் ஒட்டப் போகிறேன். முதல் பிரதியே இதுதான். பிழை இருந்தால் நீயே வைத்துக்கொள். மார்ச்சில் ஒரு கேள்வி கேட்டு, ஒரு சொல்லில் பதில் போதும் என்று எழுதியிருந்தாய்.

சாபிட்டேன்.

தம்பி